பானை பிடித்தவன் பாக்கியசாலி

பானையைப் பற்றிப் பேச்செடுத்தால் படித்தவர்களுக்கு முகம் சுளிக்கும். இந்த வியாதி இன்று நேற்று வந்ததல்ல. பிளேட்டோவின் பெயரில் வழங்கும் ‘பெரிய ஹிப்பியாஸ்’ என்ற உரையாடலில், அழகு என்றால் என்ன என்று சாக்ரடீஸ் குடைகிறார். ஹிப்பியாஸ் ஊர் ஊராகப் போய்க் காசு வாங்கிக்கொண்டு பாடம் எடுத்த பெரிய பண்டிதர். அழகான பெண்தான் அழகு என்று ஒரே போடாகப் போட்டுவிடுகிறார். சாக்ரடீஸ் விடுவாரா? அழகான குதிரை, அழகான யாழ் என்று அடுக்கிக்கொண்டே வந்து, அப்படியானால் அழகான பானை மட்டும் என்ன பாவம் செய்தது என்கிறார். பண்டிதருக்கு வந்ததே கோபம். கௌரவமான விஷயம் பேசுகிற இடத்தில் இப்படிக் கீழான சாமான் பெயரையெல்லாம் எடுக்கிறவன் யார், வளர்ப்பு சரியில்லாதவனாக இருக்கிறானே என்று பொரிந்து தள்ளுகிறார்.

காலம் என்ன தீர்ப்பு சொன்னது தெரியுமா? ஹிப்பியாஸ் எழுதிய நூல்களில் ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை. பானைகள் மட்டும் உலகம் பூராவும் மியூசியங்களில் ஆயிரக்கணக்கில், கண்ணாடிப் பெட்டிக்குள், ஏசி காற்றில் உட்கார்ந்திருக்கின்றன.

ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்தால் எதற்கும் ஒரு புனிதம் வந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் குரலைத் தாழ்த்துகிறார்கள். இந்தப் பானைகளில் பாதி குடிப்பதற்கும், மீதி குடித்தவர்களைப் புதைப்பதற்கும் செய்யப்பட்டவை என்பதை அப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.

ஏதென்ஸ் நகரின் வடமேற்கில் கெரமைக்கோஸ் என்று ஒரு பேட்டை. மண் குழைப்பவர், சக்கரம் சுற்றுபவர், சூளை போடுபவர் எல்லாரும் அங்கேதான். ஊரின் பெரிய இடுகாடும் அதே இடம். வியாபாரம் தெரிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் சௌகரியம் புரியும். வாடிக்கையாளர் கடைசி முறை வரும்போதும் கடை வாசல் வழியாகத்தான் வந்தாக வேண்டும்.

அந்த இடுகாட்டில் கி.மு. 750 வாக்கில் ஒரு பெண்ணின் கல்லறைக்கு அடையாளமாக ஒரு பானையை நிறுத்தினார்கள். திப்பிலோன் பானை என்று பெயர். ஒன்றரை மீட்டருக்கும் மேல் உயரம். இதை வரைந்தவருக்குக் காலி இடத்தைக் கண்டால் அலர்ஜி. கழுத்திலிருந்து அடிவரை வளைந்து வளைந்து போகிற கட்டக்கோடு, சாய்சதுரம், முக்கோணம் என்று வரிவரியாகப் போட்டுத் தீர்த்திருக்கிறார். போட்டுப் போட்டு அவருக்கே அலுத்திருக்க வேண்டும், கழுத்துப் பக்கம் ஒரு வரிசை மான்களை மேயவிட்டிருக்கிறார். எல்லா மானும் ஒரே மான்தான், கொஞ்சமும் மாறாமல் திரும்பத் திரும்ப வருகிறது.

நடுவில் முக்கியமான காட்சி. கட்டிலில் பிணம் கிடக்கிறது. இரண்டு பக்கமும் உறவுக்காரர்கள் தலையில் கைவைத்து அழுகிறார்கள். உடம்பு தலைகீழ் முக்கோணம், இடுப்பு இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவு, தொடை மட்டும் தாராளம். பிணத்தின்மேல் போர்த்தும் துணியை அப்படியே வரைந்தால் பிணம் மறைந்துவிடுமே! ஆகவே துணியைத் தூக்கி மேலே கட்டம் போட்ட பலகைபோல நிறுத்திவிட்டார். செத்தவரின் சொந்தக்காரர்கள் வந்து, ‘எங்கள் அம்மா எங்கே?’ என்று கேட்கக்கூடாதல்லவா? இவ்வளவும் செய்தபிறகு, அழுகிறவர்களுக்கு நடுவே இருந்த இடைவெளியையும் சும்மா விடவில்லை. அங்கேயும் நெளிகோடு. துக்க வீட்டில்கூட மனுஷனுக்குக் கை நிற்கவில்லை.

அப்புறம் கொரிந்து நகரத்தார் வந்தார்கள். உள்ளங்கைக்குள் அடங்குகிற வாசனைத் தைலக் குப்பிகள் செய்து, அதில் கிழக்கு நாடுகளிலிருந்து வந்த சிங்கம், ஸ்பிங்க்ஸ், இறக்கை முளைத்த ஜந்துக்கள் எல்லாவற்றையும் வரிசைகட்டி நடக்கவைத்தார்கள். கறுப்பு நிழலுருவம் வரைந்து, அதில் கூர்முனையால் கோடு கீறி விவரம் காட்டுகிற உத்தியும் அவர்களுடையதுதான். ஏதென்ஸ்காரர்கள் பார்த்தார்கள், கற்றார்கள், பக்கத்துக் கடையாகப் போட்டார்கள். கி.மு. ஆறாம் நூற்றாண்டு முடிவதற்குள் வெளியூர்ச் சந்தையில் கொரிந்துப் பானையைத் தேடுகிற ஆள் அநேகமாக இல்லை. காப்பியடித்தவன் ஒரிஜினல்காரனின் கடையை மூடவைப்பது ரொம்பப் பழைய கலை.

அந்தக் கறுப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் அது பெயின்ட்டே இல்லை. பானை செய்த அதே களிமண்ணைத் தண்ணீரில் கரைத்து, தெளியவைத்து, மிக நைசான பகுதியை மட்டும் வடித்தெடுத்த குழம்பு. பானையும் மண், படமும் மண். மண்ணிலுள்ள இரும்பும் சூளை நெருப்பும் சேர்ந்துதான் வித்தையைக் காட்டவேண்டும். முதலில் காற்றோட்டத்தோடு சுட்டால் எல்லாம் சிவக்கும். பிறகு துவாரத்தை அடைத்து, பச்சை விறகைத் திணித்து, 900 டிகிரி தாண்டிய சூட்டில் புகைமூட்டம் போட்டால் எல்லாம் கறுக்கும். கடைசியில் மறுபடி காற்றைத் திறந்துவிட்டால் பானையின் உடம்பு மூச்சுவாங்கிச் சிவந்துவிடும். வரைந்த இடமோ கண்ணாடிபோல இறுகிப்போனதால் காற்றை உள்ளே விடாமல் கறுப்பாகவே நின்றுவிடும். இரசாயனம் என்று ஒரு பாடம் வருவதற்கு இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால், தெர்மாமீட்டர் இல்லாமல், புகையைப் பார்த்தே செய்த வேலை இது.

கணக்கு கொஞ்சம் தப்பினால் மொத்தச் சூளையும் போச்சு. அதனால் குயவர்களுக்குப் பயம் அதிகம். பயம் இருக்கிற இடத்தில் புலவர்கள் வந்து சேர்வார்கள். ஹோமரின் பெயரில் உலவுகிற ஒரு பழைய கதையில், சாமோஸ் தீவுக் குயவர்கள் அவரிடம் பாட்டுக் கேட்கிறார்கள், கூலியாகப் பானை தருகிறோம் என்கிறார்கள். அவர் பாடுகிறார். கூலி கொடுத்தால் அதீனா தேவி சூளையைக் காப்பாள். கொடுக்காவிட்டால் நொறுக்கும் பேய், வெடிக்கும் பேய், அணையாத பேய் என்று சூளைப் பேய்கள் எல்லாவற்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாராம். காப்பியம் பாடிய வாயால் மாமூல் வசூல்! குயவர்கள் கொடுத்திருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

கி.மு. 570 வாக்கில் எர்கோடிமோஸ் என்ற குயவரும் கிளெய்ட்டியாஸ் என்ற ஓவியரும் கூட்டு சேர்ந்து, மதுவும் தண்ணீரும் கலக்குகிற பெரிய பாத்திரம் ஒன்று செய்தார்கள். 1844-ல் இத்தாலியில் கியூசி ஊருக்குப் பக்கத்தில் அலெஸ்ஸாந்த்ரோ பிரான்சுவா என்பவர் தோண்டி எடுத்ததால், செய்தவர்கள் பெயரை விட்டுவிட்டு, தோண்டியவர் பெயரை வைத்து ‘பிரான்சுவா பானை’ என்கிறார்கள். உயரம் 66 சென்டிமீட்டர். அதற்குள் சுமார் 270 உருவங்கள். அக்கிலீஸின் அப்பா கல்யாணம், பன்றி வேட்டை, தேர்ப்பந்தயம் என்று ஒரு முழுப் புராணமே சுற்றி வருகிறது. அடிப்பாகத்தில் குள்ளர்கள் கொக்குகளோடு போர் புரிகிறார்கள். அதைப் பார்க்க நாம் தரையில்தான் உட்காரவேண்டும்.

கிளெய்ட்டியாஸுக்கு நம் அறிவின்மேல் நம்பிக்கை கிடையாது. யார் யார் என்று நூற்றுக்கும் மேற்பட்ட இடத்தில் பெயர் எழுதிவைத்திருக்கிறார். தேர்தல் கால பிளெக்ஸ் போர்டில்கூட இவ்வளவு பெயர் இருக்காது. கடவுளுக்கும் வீரனுக்கும் பெயர் போட்டது சரி. தண்ணீர் வருகிற ஊற்றுக்குப் பக்கத்தில் ‘ஊற்று’, கிழவர் உட்கார்ந்திருக்கும் ஆசனத்தில் ‘ஆசனம்’, கீழே விழுந்து கிடக்கிற குடத்துக்குப் பக்கத்தில் ‘குடம்’! பானைமேல் வரைந்த பானைக்குப் பானை என்று பெயர் எழுதிய மகானை வேறெங்கும் பார்க்க முடியாது. தம் இருவர் பெயரையும் மட்டும் ஒருமுறை எழுதினால் போதாதென்று இரண்டு முறை எழுதியிருக்கிறார்.

இரண்டாயிரத்து நானூறு வருஷம் பூமிக்கடியில் தப்பிப் பிழைத்த அந்தப் பானை, பத்திரமாக இருக்கட்டும் என்று புளோரன்ஸ் மியூசியத்துக்குப் போனது. 1900-ல் ஒரு காவலாளி கோபத்தில் தூக்கி எறிந்த முக்காலி அதன்மேல் விழுந்தது. மொத்தம் 638 துண்டு. பியெத்ரோ ஸெய் என்பவர் பொறுமையாக உட்கார்ந்து ஒட்டி 1902-ல் நிமிர்த்தினார். 1966-ல் ஊரில் வெள்ளம், மறுபடி சேதம், மறுபடி ஒட்டு. நொறுக்கும் பேய்க்கு ஹோமர் பெயர் வைத்தது வீண்போகவில்லை.

அடுத்து எக்ஸீக்கியாஸ். கறுப்புப் படத்தில் இவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. வத்திக்கானில் இருக்கிற இவருடைய பானையில், டிராய் போருக்குப் போன அக்கிலீஸும் அஜாக்ஸும் ஈட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரு பெட்டிக்கு இருபுறமும் குனிந்து ஆட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அக்கிலீஸ் வாயிலிருந்து ‘நாலு’, அஜாக்ஸ் வாயிலிருந்து ‘மூணு’ என்று எழுத்து புறப்படுகிறது. பார்க்கப்போனால் உலகத்தின் பழைய கார்ட்டூன் வசனங்களில் ஒன்று. அவர்கள் மேலங்கியில் கீறியிருக்கும் நட்சத்திரமும் பூவும் சுருளும் தலைமுடி அளவுக் கோடுகள். கை ஒரு தரம் நடுங்கியிருந்தால் தொலைந்தது, ரப்பர் போட்டு அழிக்கிற வேலை கிடையாது. இந்தக் காட்சி ஹோமர் காப்பியத்தில் இல்லை. அதனாலென்ன? ஊரே விரும்பியது. மற்ற ஓவியர்கள் இதே ஆட்டத்தை நூற்றைம்பது பானைகளுக்கு மேல் வரைந்து தள்ளினார்கள். போர்க்களத்தில் டியூட்டி நேரத்தில் தாயம் ஆடுகிற படம் எந்தக் காலத்திலும் விற்கும்.

இவ்வளவும் யாருக்காக? பெரும்பாலும் குடிகாரர்களுக்காக. ஏதென்ஸ் கனவான்கள் இரவில் சாய்வுக் கட்டிலில் படுத்துக்கொண்டு மது குடித்தபடி தத்துவம் பேசுவார்கள் என்று படித்திருப்பீர்கள். தத்துவம் எத்தனையாவது கிண்ணத்தோடு நின்றது என்பதைக் கிண்ணங்கள் சொல்கின்றன. வெளிப்பக்கம் இரண்டு பெரிய கண் வரைந்த கிண்ணம் ஒரு வகை. குடிப்பவர் அதை உயர்த்திக் கவிழ்த்தால் எதிரில் இருப்பவருக்குக் கண் இரண்டு, காதுக்குப் பதில் கைப்பிடிகள், திறந்த வாய்க்குப் பதில் கிண்ணத்தின் அடிப்பாகம் என்று ஒரு ராட்சச முகம் தெரியும். உட்புறம் அடியில் இன்னொரு படம் இருக்கும். மதுவைக் காலி செய்தால்தான் தெரியும். சிலவற்றில் நாக்கை நீட்டுகிற கோர்கன் என்ற அரக்கியின் முகம். குடித்து முடித்தவருக்குப் பரிசு அதுதான்.

பிரைகோஸ் ஓவியர் என்று அழைக்கப்படுபவர் இன்னும் ஒரு படி மேலே போனார். ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் மியூசியத்தில் இருக்கும் இவருடைய கிண்ணத்தின் வெளியே ஆட்டம் பாட்டம். உள்ளே, கடைசி மடக்கைக் குடித்தவர் பார்க்கும் இடத்தில், ஓர் இளைஞன் குனிந்து வாந்தி எடுக்கிறான். ஒரு பெண் அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். ‘குடி குடியைக் கெடுக்கும்’ என்று பாட்டிலில் அச்சடிக்கிறார்களே, அதைக் கி.மு. 480 வாக்கிலேயே படம்போட்டு விளக்கிவிட்டார். அவர்களும் நம்மவர்களைப்போலவே அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த கிண்ணத்தை நிரப்பினார்கள்.

இதற்கு முன்னாலேயே, கி.மு. 525-520 வாக்கில், யாரோ ஒருவர் கறுப்புப் பட உத்தியைத் தலைகீழாக்கியிருந்தார். உருவத்தைச் சிவப்பாக விட்டுவிட்டுப் பின்னணியைக் கறுப்பாக்கினார். கீறுவதற்குப் பதில் தூரிகையால் கோடு இழுக்கலாம், தசையும் மடிப்பும் துலங்கும். சந்தை ஏற்குமா என்று பயந்தவர்கள், ஒரே பானையில் முன்பக்கம் புது ஸ்டைல், பின்பக்கம் பழைய ஸ்டைல் என்று இரண்டையும் வரைந்து விற்றார்கள். வாடிக்கையாளர் எந்தக் கட்சியானாலும் பானையை அந்தப் பக்கம் திருப்பிவைத்துக்கொள்ளலாம்.

இந்தப் புதுப் பாணியின் முதல் கோஷ்டியில் யூஃப்ரோனியோஸ், யூதிமிடெஸ், பிந்தியாஸ், ஸ்மிக்ரோஸ் என்று சில பேர். எல்லாரும் ஒரே பேட்டை, ஒரே தொழில். அப்புறம் கேட்க வேண்டுமா? யூதிமிடெஸ் ஒரு பானையில் மூன்று குடிகாரர்கள் ஆடுவதை வரைந்தார். ஒருவன் முதுகைக் காட்டி உடம்பைத் திருகி நிற்கிறான். அதுவரை யாரும் எளிதில் தொடாத கோணம். சந்தோஷம் தாங்கவில்லை. பக்கத்தில் எழுதினார்: யூஃப்ரோனியோஸால் ஒருநாளும் முடியாத மாதிரி! கடையில் விற்பனைக்கு வைக்கிற சரக்கில், இன்னொருத்தன் பெயரைப் போட்டு வம்பு. அந்தப் பானை இன்றும் மியூனிக் மியூசியத்தில் இருக்கிறது. வாங்கிப்போனவர் குடிக்கும்போதெல்லாம் அந்தச் சண்டையையும் சேர்த்துக் குடித்திருப்பார்.

ஸ்மிக்ரோஸ் வேறு மாதிரி. கனவான்கள் விருந்து ஒன்றை வரைந்து, கட்டிலில் சொகுசாகச் சாய்ந்திருக்கும் ஒருவருக்கு ஸ்மிக்ரோஸ் என்று தம் பெயரையே சூட்டினார். பகலெல்லாம் கையில் சேறு, படத்தில் மட்டும் பெரிய மனுஷன்! பிந்தியாஸ் தம் நண்பருக்காக ஒரு படத்தில், பெண்கள் மது வீசி விளையாடும் ஆட்டத்தில் ‘இது உனக்கு, யூதிமிடெஸ்’ என்று சொல்லவைத்தார். இவர்கள் மாறி மாறி ஒருவரையொருவர் வரைந்துகொண்டதைத்தான் அறிஞர்கள் இன்று தடித்தடிப் புத்தகமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள்.

எழுதத் தெரிந்தவர்கள் கதை இது. தெரியாதவர்கள்? அவர்களும் சளைக்கவில்லை. உருவங்களுக்குப் பக்கத்தில் எழுத்துகளை அள்ளித் தெளித்தார்கள். படித்தால் ஒரு பொருளும் வராது. வாங்குகிற ஆளுக்குக் கிரேக்கம் தெரிந்தால்தானே பிரச்சினை? இந்தப் பானைகளில் பெரும்பங்கு போய்ச் சேர்ந்த இடம் இத்தாலியின் எட்ருஸ்கர்கள் நாடு. நிக்கோஸ்தெனெஸ் என்கிற வியாபாரப் புலி, எட்ருஸ்கர்கள் தங்கள் ஊரில் புழங்கிய பாத்திரத்தின் வடிவத்தையே ஏதென்ஸில் செய்து, மேலே கிரேக்கப் படம் போட்டு, அவர்களுக்கே திருப்பி விற்றார். நூறு பாத்திரங்களுக்கு மேல் இவர் கையெழுத்தோடு கிடைத்திருக்கின்றன. அவற்றில் கலை எவ்வளவு என்று விமர்சகர்கள் முணுமுணுக்கிறார்கள். சரக்கு தீர்ந்தவனுக்கு அந்தக் கவலை எதற்கு?

எட்ருஸ்கர்கள் அவற்றை வாங்கிக் கல்லறையில் வைத்தார்கள். அதனால்தான் முழுசாகப் பிழைத்தன. அதனால்தான் பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பியர்களுக்குக் குழப்பம். இத்தாலியில் கிடைப்பதால் இவை எட்ருஸ்கர் கைவேலை என்றே பலர் நம்பினார்கள். இங்கிலாந்தின் ஜோசையா வெட்ஜ்வுட் 1769-ல் புதுப் பீங்கான் ஆலைக்கு எட்ரூரியா என்று பெயர் வைத்து, முதல் நாள் செய்த ஜாடிகளில் எட்ரூரியாவின் கலைகள் மறுபடி பிறக்கின்றன என்று லத்தீனில் எழுதிவைத்தார். ஜாடியில் இருந்த படம்? கறுப்புப் பின்னணியில் சிவப்பு உருவம். ஏதென்ஸ்காரன் உழைப்புக்கு எட்ருஸ்கனுக்கு மாலை.

1828 முதல் இத்தாலியின் வுல்ச்சி பகுதியில் நெப்போலியனின் தம்பி லூசியன் போனபார்ட்டின் நிலத்தில் ஆயிரக்கணக்கில் பானைகள் வெளிவந்தன. அந்தப் பக்கம் போன ஜார்ஜ் டென்னிஸ் என்ற ஆங்கிலேயர், படம் இல்லாத சாதாரணப் பாத்திரங்களை வேலையாட்கள் காலால் மிதித்து உடைப்பதைக் கண்டு பதறி எழுதியிருக்கிறார். சந்தையில் பானை பெருகினால் விலை இறங்கிவிடுமாம்.

இருபதாம் நூற்றாண்டில் ஆக்ஸ்ஃபோர்டின் ஜான் பீஸ்லி, காது மடலையும் கணுக்காலையும் வரைந்த விதத்தைப் பார்த்தே யார் கை என்று கண்டுபிடித்து ஆயிரக்கணக்கான பானைகளைப் பங்கு பிரித்தார். கையெழுத்துப் போடாதவர்களுக்கு அவரே பெயர் வைத்தார். பெர்லின் ஓவியர், பன்றி ஓவியர் என்று போய், ஒருவருக்கு ‘படுமோசமான ஓவியர்’ என்றே நாமகரணம். அந்த மனிதர் கையெழுத்துப் போட்டிருந்தால் இந்த அவமானம் நேர்ந்திருக்காது. எழுதத் தெரிந்தவர்கள் தம் பெயரை இரண்டு முறை எழுதியதன் நியாயம் இப்போது புரிகிறதா?

யூஃப்ரோனியோஸ் சும்மா விடப்பட்டாரா என்றால் இல்லை. டிராய் போரில் இறந்த சார்ப்பிடோன் என்ற வீரனைத் தூக்க தேவனும் மரண தேவனும் தூக்கிச் செல்வதாக அவர் வரைந்த மதுக்கலவைப் பாத்திரத்தை 1972-ல் நியூயார்க் மெட்ரோபாலிடன் மியூசியம் பத்து லட்சம் டாலருக்கு வாங்கியது. செர்வெத்தேரியில் கல்லறையிலிருந்து திருடப்பட்டது என்று தெரிந்து, 2008-ல் இத்தாலிக்குத் திருப்பிக் கொடுத்தது. திருடன் விலைபோட்டது யூஃப்ரோனியோஸுக்குத்தான் என்பதை யூதிமிடெஸிடம் யாராவது பக்குவமாகச் சொல்லவேண்டும்.

ஆக, உயர்ந்த கலை உயர்ந்த எண்ணத்திலிருந்துதான் பிறக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தக் கலை பிறந்தது பொறாமையிலும் ஏற்றுமதிக் கணக்கிலும் குடியிலும். அதனால்தான் இவ்வளவு உயிரோடு இருக்கிறது. அடுத்த முறை கிரேக்கப் பானை இருக்கிற மியூசியத்துக்குப் போனால், முன்பக்கத்தைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். பின்பக்கம் போங்கள். பிற்காலப் பானைகள் பலவற்றில் அங்கே மேலங்கி போர்த்திய மூன்று பையன்கள் சும்மா நின்றுகொண்டிருப்பார்கள். அவசர அவசரமாக, சாயங்காலத்துக்குள் முடிக்கவேண்டும் என்று வரைந்தது. முன்பக்கம் வாங்குகிறவருக்கு, பின்பக்கம் சம்பளத்துக்கு. இரண்டையும் பார்த்தால்தான் குயவர் பேட்டை முழுசாகத் தெரியும். காவலாளிக்குப் பக்கத்தில் முக்காலி இருந்தால் மட்டும் கொஞ்சம் தள்ளி நின்று பாருங்கள்.